கதவுக்குப் பின்னால் நின்ற திலகா அன்ரி

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது பாடம் நடந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே அப்பா நின்றார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி அவரைச் சுற்றித் தண்ணீராகக் கிடந்தது. வேலை உடுப்போடு அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

“திலகா அன்ரி எங்களை விட்டுப் போட்டா, பிள்ளை,” என்றார். “காலமை ஒன்பது மணிக்கு. வா, நடேசருக்குச் சொல்லவேணும். அந்த நம்பர் உனக்குத்தான் பாடம்.”

திருமதி திலகவதி நடேசமூர்த்தி அவர்கள் கனடாவில், மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் ஐந்து வருடமாகக் குடியிருந்தவர். அதற்கு இரண்டு நாள் முன்பு, பிக்கரிங்கில் தாம் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக வைத்தியர்கள் சொன்னார்கள். முதல் நாளே அவர்கள் எங்களுக்கு நம்பிக்கை எதுவும் தரவில்லை. அவருக்கு நாற்பத்தொரு வயது.

எனக்குப் பாடமான அந்த இலக்கம் சவூதி அரேபியாவின் வடக்கே, பாலைவனத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய நகரத்தின் பலசரக்குக் கடை ஒன்றினுடையது. அன்ரியின் கணவர் நடேசமூர்த்தி அங்கிள் அந்த ஊரில் மின்சார ஜெனரேற்றர் திருத்துபவர். அவருடைய விடுதியில் தொலைபேசி இல்லை. கடைக்கு எடுத்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

வீட்டுக்கு வந்து குசினித் தொலைபேசியில் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொரு மணி. அங்கே இரவு ஏழு.

“தொழுகை நேரம், அப்பா. கடை பூட்டியிருக்கும்.”

அம்மா தேநீர் வைத்தார். ஒருவரும் குடிக்கவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அந்த நாற்பது நிமிடமும் அந்த ஊரில் திலகா அன்ரி உயிரோடு இருந்தார்.

பிறகு கடை திறந்தது, ஆள் போனது, அங்கிள் வந்தார். அப்பா சொன்னார். அங்கிள், “மேல்வீட்டுப் பிள்ளை நிக்குதோ?” என்று கேட்டார். அன்ரி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் தொலைபேசியை வாங்கினேன்.

“நான்தான் பிள்ளை,” என்றார் அங்கிள். “ஒருத்தருக்கும் கதவைத் திறக்காதை, திறக்காதை எண்டு ஒம்பது வருசமாச் சொல்லிப் பழக்கினது நான்தானே. அண்டைக்கு அவள் திறந்திருந்தா நான் இப்ப அவளுக்குப் பக்கத்திலை நிண்டிருப்பன்.”

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அங்கிள் அழத் தொடங்கினார். தொலைபேசி அட்டையில் காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அப்பா கேட்டபோது நான் ஒத்துக்கொண்டதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம். ஆனால் அதற்கு முன், அன்ரியைத் தெரியாதவர்களுக்கு அவரைத் தெரியப்படுத்த வேண்டும்.

குவைத்தில் போர் வந்தபோது, அங்கிளின் கம்பனி குடும்பங்களை அங்கே வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லை. பல நாடுகளைச் சுற்றி, ஒரு மார்ச் மாதத்தில், ஒரு சூட்கேஸோடு அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது எனக்குப் பதினொரு வயது. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டால் அங்கிளையும் கூப்பிட்டுவிடலாம். அது ஒன்றுதான் அவருடைய எண்ணம். “ஒரு வருசம், மிஞ்சினா ஒண்டரை,” என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

வந்த அன்று வீட்டு முன்வாசலில் நின்றுகொண்டு அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “பொம்பிளையளின்ரை வாசல் எது, அண்ணை?” என்பது.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்சை எல்லாருக்கும் ஒரே வாசல்தான், தங்கச்சி.” பிறகு வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போய், பேஸ்மென்றுக்கு இறங்கும் பக்கக் கதவைக் காட்டினார்.

“அப்ப இது என்ரை வாசல்,” என்றார் அன்ரி.

அவர் இருந்த ஊரில் வீடுகளுக்கு இரண்டு வாசல்கள். ஆண் விருந்தினருக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சுவர்கள் ஆளைவிட உயரம். யன்னல் கண்ணாடிகளுக்கு உள்ளே நிறம் பூசியிருக்கும். சந்தைக்கோ வைத்தியரிடமோ அங்கிள் கூட்டிப்போனால்தான் போகலாம். கடைகள் ஐந்து வேளையும் தொழுகைக்குப் பூட்டப்படும். சாமான் வாங்கும்போது தொழுகைக்கு அழைத்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். அன்ரி இதையெல்லாம் குறையாகச் சொன்னதில்லை. மில்லிக்கனில் பஸ் எப்படி வரும் என்று நாங்கள் சொல்வதுபோலச் சொல்வார்.

சுவாமிப் படம் வெளியில் வைக்க முடியாததால், அரிசி வைக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு சிறிய பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தார். அரிசி எடுக்கும்போது கும்பிடுவார். திருநீறு பவுடர் டின்னுக்குள் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் படம் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில்தான் இருந்தது.

“இஞ்சை வெளியாலை வைக்கலாம், அன்ரி,” என்று ஒருமுறை சொன்னேன்.

“தெரியும். அவருக்கு அரிசி மணம் பழகிப்போச்சு,” என்றார்.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழக்கிழமை பின்னேரம்தான் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும் நேரம். கணவர்மார் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். எங்கள் பேஸ்மென்றிலும் வியாழக்கிழமை பின்னேரங்களில் அன்ரி தலை வாரி, நல்ல சேலை கட்டி, தரையில் விரிப்புப் போட்டு, ஏலக்காய் போட்ட மஞ்சள் நிறக் கோப்பி வைப்பார். சூட்கேஸில் உடையாமல் கொண்டுவந்த கைப்பிடி இல்லாத ஆறு சின்னக் கோப்பைகள் இருந்தன. வருவதற்கு ஆள் இல்லை. அதனால் நான் போவேன். கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். அன்ரி அதைக் குறையாக நினைக்கவில்லை. “நீ வாசி. வீட்டிலை ஆளிருக்கிற சத்தம் இருந்தாக் காணும்,” என்பார். புத்தகம் வாசிக்கும்போது நான் சத்தம் போடுவதில்லை என்று சொன்னதற்கு, “பக்கம் பிரட்டுற சத்தம் கேக்குதுதானே,” என்றார்.

அந்த வியாழக்கிழமைகளில் ஒன்றில்தான் அந்த ஊரில் முதன்முதல் ஒரு வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார். நான் பல தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதால் அவருடைய சொற்களிலேயே எழுத முடிகிறது.

“பக்கத்து வீட்டு உம்மு சாலி கூப்பிட்டு விட்டவ. உம்மு எண்டா தாய். சாலி மூத்த மகன். அங்கை பொம்பிளையளை மகன்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம். பிள்ளை இல்லாத என்னை ஆரின்ரை தாய் எண்டு கூப்பிடுறதெண்டு அவையளுக்குத் தெரியேல்லை. சரி, போனன். பதினஞ்சு பொம்பிளையள். குட்டிக் கோப்பையிலை கோப்பி. ரண்டு மிடறுதான். முடிய ஊத்துகினம். மரியாதைக்குக் குடிக்கிறன். திருப்பி ஊத்துகினம். பதினொரு கோப்பை, பிள்ளை. கோப்பையை இப்பிடி ஆட்டிக் குடுத்தாத்தான் போதுமெண்டு விளங்குமாம். எனக்கு ஆர் சொன்னது?”

“பிறகு?”

“பிறகு ஒரு பெட்டை தட்டிலை புகை கொண்டு வந்தது. அகில் கட்டைப் புகை, நல்ல வாசம். எல்லாரும் சேலையிலை, சீ, உடுப்பிலை, தலைமயிரிலை பிடிச்சினம். நான் எங்கட சாம்பிராணி மாதிரி எண்டு நினைச்சுக் கண்ணிலை ஒத்திப்போட்டு இருந்திட்டன். பாத்தா எல்லாரும் எழும்பிப் போகினம். நான் இருக்கிறன். திருப்பியும் புகை வருது. என்ன மரியாதையான சனம் எண்டு நினைச்சு இன்னும் வசதியாச் சாஞ்சு இருந்தன். மூண்டாந்தரம் உம்மு சாலியே தூக்கிக்கொண்டு வந்தா. அதுக்குப் பிறகும் நான் எழும்பேல்லை.”

புகை வந்தால் விருந்து முடிந்தது, விருந்தினர் எழும்பலாம் என்பது அந்த ஊர் வழக்கம். அன்ரிக்கு அது தெரியாது. உம்மு சாலியும் அதை வாயால் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்தில் வந்து இருந்து, அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் பேசாமல் இருந்தாராம். அங்கிள் வெளியே பிக்கப் வாகனத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பெண்கள் வாசலைத் தட்ட அவரால் முடியாது. அன்ரி ஏறியதும், “அவையளின்ரை குடும்ப அட்டையிலை உன்ரை பேரையும் பதிஞ்சு போட்டினமோ?” என்று கேட்டாராம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போட்டால், மேலே வந்து கதைத்துக்கொண்டிருக்கும் அன்ரி உடனே எழும்பிவிடுவார். “சரி, புகை வந்திட்டுது. போகச் சொல்லியாச்சு.”

“இரும் திலகா, விசர்க் கதை கதையாமல்,” என்று அம்மா சிரிப்பார்.

அந்த ஊரில் அன்ரியைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். ராணி அன்ரி. ஒன்பது வருடமாக, ஒரு வியாழன் ராணி அன்ரி வீட்டில், மறு வியாழன் திலகா அன்ரி வீட்டில். ராணி அன்ரி குடும்பம் பிறகு கனடாவுக்கு வந்து விட்பியில் வீடு வாங்கியது. அன்ரிக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் விட்பிக்கு எங்கள் பக்கத்திலிருந்து நேரே பஸ் இல்லை. ராணி அன்ரிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அவருடைய கணவர் இரண்டு வேலை. நாலு வருடத்தில் அவர்கள் சந்தித்தது மூன்று தடவை. மற்றதெல்லாம் தொலைபேசியில்தான்.

“இந்த ஞாயிறு அவருக்கு ஓவர்ரைம் இல்லாட்டி வாறனடி,” என்பார் ராணி அன்ரி.

“ரண்டு வருசமா உந்த ஞாயிறு வந்துகொண்டே இருக்கு,” என்பார் திலகா அன்ரி.

ஒருநாள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அங்கை ஒரு இடமும் தனியப் போகேலாது எண்டு சட்டம். இஞ்சை போகலாம் எண்டு சட்டம். ஆனா அங்கைதான் பிள்ளை நான் கனக்க வீடுகளுக்குப் போனனான்.”

கடிதங்கள் அதிகம் எழுதும் வழக்கம் அங்கிளிடம் இல்லை. கசெற்றில் பேசி அனுப்புவார். பின்னால் குளிரூட்டி இரையும். சில வேளைகளில் நடுவில் தொழுகை அழைப்புக் கேட்கும். அது முடியும்வரை அங்கிள் பேசாமல் இருந்து, பிறகு தொடருவார். ஒவ்வொரு கசெற்றின் முடிவிலும், “வழக்கு என்ன மாதிரி?” என்று கேட்பார். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை அன்ரிக்கு வாசித்து விளங்கப்படுத்துவது என் வேலை. கோரிக்கைப் படிவத்தை நிரப்பித் தந்த மனிதர் அதோடு போய்விட்டார். வழக்கறிஞர் யாரும் அப்போது இல்லை. வரும் கடிதமெல்லாம் அன்ரியின் கையிலிருந்து என் கைக்குத்தான் வரும்.

கதவு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஊரில் கணவர் வீட்டில் இல்லாதபோது யார் தட்டினாலும் பெண் திறக்க மாட்டாள். குரலும் கொடுக்க மாட்டாள். தட்டுபவரும் மூன்று தரம் தட்டிவிட்டு, கதவுக்கு நேரே நிற்காமல் ஒருபக்கமாகத் தள்ளி நிற்பார். பதில் இல்லாவிட்டால் போய்விடுவார். “திறக்காத கதவுக்கு அங்கை ஒருத்தரும் கோவிக்கிறேல்லை,” என்பார் அன்ரி. எங்கள் பக்கக் கதவுக்கும் அவர் அதே முறையைத்தான் வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து தட்டும்போது, “நான்தான் அன்ரி,” என்று சொல்ல வேண்டும். அதிகாலை வேலைக்குப் போய் மதியம் திரும்பும் அவர், அப்பாவும் அம்மாவும் வேலையில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம் கதவுகளைப் பூட்டிக்கொண்டு இருப்பார். தட்டும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் வந்து, அசையாமல் நிற்பார். ஏன் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டேன். “ஆள் போட்டுதெண்டு தெரியவேணும்தானே,” என்றார்.

அவர் வந்து மூன்றாவது வருடம், ஒக்ரோபரில் ஒரு நாள், அப்படி ஒருவர் தட்டினார். அன்ரி கதவுக்குப் பின்னால் நின்றார். வந்தவர் தபாற்காரர். கையெழுத்திட்டு வாங்க வேண்டிய கடிதம் ஒன்று கொண்டுவந்தவர், ஆளில்லை என்று நினைத்து ஓர் அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார். எந்தத் தபாலகத்துக்குப் போய் எத்தனை நாளுக்குள் கடிதத்தை எடுக்க வேண்டும் என்று அந்த அட்டையில் எழுதியிருந்திருக்கும்.

எழுதியிருந்திருக்கும் என்று ஊகமாகத்தான் சொல்கிறேன். நான் அதை வாசிக்கவில்லை.

பின்னேரம் நான் வந்தபோது பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து அன்ரி அதை என்னிடம் நீட்டினார். “உது கதவிலை இருந்தது, பிள்ளை. என்னெண்டு பார்.” என் கையில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது. இன்னும் நாற்பது பக்கம். நாயகி கப்பலில் ஏறுவாளா மாட்டாளா என்ற இடம். “பிறகு பாக்கிறன், அன்ரி,” என்று சொல்லி, அட்டையை நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் அடையாளமாக வைத்தேன். அதை வைத்துத்தான் அன்றிரவு புத்தகத்தை முடித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், நூலகத்தின் வெளிப்பெட்டிக்குள் புத்தகத்தைப் போட்டேன். அட்டை அதற்குள் இருந்தது. கையில் கிடைக்கும் எல்லாவற்றையும், மருந்துப் போத்தல் உறையைக்கூட, வாசிப்பவள் நான். அந்த ஒன்றை வாசிக்கவில்லை. அன்ரியும் பிறகு கேட்கவில்லை. முக்கியமென்றால் பிள்ளை சொல்லியிருக்கும் என்று நம்பியிருந்தார்.

ஜனவரியில் சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. விசாரணைக்குக் குறித்த நாளில் அவர் வரவில்லை, ஆகவே கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. இரண்டு தரம் வாசித்துவிட்டு மொழிபெயர்த்தேன்.

“எந்த நாள்? எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே,” என்றார் அன்ரி. அவருடைய கையில் மா ஒட்டியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, திரும்பிப்போய் மாவைக் குழைத்தார்.

அப்பா ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். அவர் நல்ல மனிதர், மேசை முழுக்கக் கோப்புகள். விசாரணை நாளைச் சொன்ன கடிதம் ஒக்ரோபரில் வந்து திரும்பிப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். வழக்கைத் திரும்பத் திறக்கும்படி கேட்கலாம், ஆனால் கடிதம் கிடைக்காமல் போனதற்கு அன்ரியின் கையை மீறிய காரணம் ஒன்று வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: தபாற்காரர் ஏதாவது அட்டை வைத்துவிட்டுப் போனாரா?

அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. அட்டையின் ஓரம், அதில் பேனாவால் எழுதியிருந்த இலக்கம், எல்லாம். கேள்வியைத் தமிழில் சொன்னேன். என் குரல் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்ரி என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லையெண்டு சொல்லு,” என்றார்.

“அன்ரி...”

“மேல்வீட்டுப் பிள்ளை, நான் சொன்னதைத்தானே நீ சொல்லவேணும். இல்லை.”

நான் இல்லை என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தோம். யன்னல் முழுக்க உப்புக் கறை. ஏன் என்று கேட்டேன். நாலு தரிப்பிடம் போன பிறகு சொன்னார்: “உன்ரை பேர் உந்தக் கடுதாசியளிலை வரக்கூடாது. கொப்பர் கொம்மாவுக்கும் தெரியக்கூடாது. கதவைத் திறக்காதது நான். அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் கதவுக்கு வெளியாலை நடந்தது.”

மனுவில் எழுதப்பட்ட காரணம் ஒன்றுதான். அவர் ஒன்பது வருடம் வாழ்ந்த ஊரில் தனியாக இருக்கும் பெண் கதவைத் திறப்பதில்லை. அந்தப் பந்தியை நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருப்பதாக வழக்கறிஞர் பாராட்டினார். ஐந்து மாதம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. கதவைத் திறக்காமல் இருந்தது அவருடைய சொந்தத் தீர்மானம், ஆகவே மறுக்கப்படுகிறது. வழக்கறிஞர் கோப்பை மூடும்போது, கொஞ்சம் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: ஓர் அட்டை வந்து, அதை வீட்டிலிருந்த வேறு யாராவது தவறவிட்டிருந்தால், பேசுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அதை நான் அன்ரிக்கு மொழிபெயர்க்கவில்லை. “என்ன சொல்லுறார்?” என்று கேட்டார். “கவலையாம்,” என்றேன்.

அதற்குப் பிறகு வேறொரு மனு போடப்பட்டது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த நாட்களில் உண்மையைச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதுவோம் என்று நான் இரண்டு தடவை அன்ரியிடம் கேட்டேன். முதல் தடவை, “படிக்கிற வேலையைப் பார்,” என்றார். இரண்டாவது தடவை கோப்பையை ஆட்டிக் காட்டினார். போதும் என்று அர்த்தம்.

அங்கிளுக்கு அனுப்பிய கசெற்றில் கதவைப் பற்றி மட்டும் சொன்னார். அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதன் பிறகு வந்த அங்கிளின் கசெற்றுகளில், “வழக்கு என்ன மாதிரி?” என்ற கேள்வி இல்லை. “இப்பவும் கதவைப் பூட்டித்தானே வச்சிருக்கிறாய்?” என்று ஒன்றில் கேட்டிருந்தார். அன்ரி அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பச் சுற்றி, இன்னொரு தரம் கேட்டார்.

வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. அன்ரி முன்போலவே கோப்பி வைத்தார். சேலை மட்டும் கட்டுவதில்லை. வேலை உடுப்போடு இருப்பார். உம்மு சாலி கதையை ஒருநாள் சொல்லச் சொன்னேன். “அதுதான் உனக்குப் பாடமே, நீ சொல்லு,” என்றார். நான் சொன்னேன். பதினொரு கோப்பை என்ற இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார். மூன்றாவது புகை வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு அங்கிளால் வர முடியவில்லை. அவருடைய கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில் இருந்தது. முதலாளி ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் கனடா விசா கிடைத்திருக்காது. ராணி அன்ரி விட்பியிலிருந்து வந்திருந்தார். அது ஒரு செவ்வாய்க்கிழமை. கணவர் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டி வந்தார். “செத்தாத்தான் லீவு குடுப்பாங்கள், பார்,” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார் ராணி அன்ரி. அதற்கு மேல் அழக்கூட அவரால் முடியவில்லை. சாம்பிராணித் தட்டு சுற்றி வந்தபோது, பழக்கத்தில் பாதி எழும்பியவர், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்ப இருந்துவிட்டார்.

அங்கிள், இந்த மலர் உங்களுக்கும் அனுப்பப்படும். அப்பாவும் அம்மாவும் இந்தப் பந்தியை முதன்முதலாக அச்சில்தான் வாசிப்பார்கள். நீங்கள் பழக்கிய கதவால் எதுவும் கெடவில்லை. அதை மீறியும் செய்தி உள்ளே வந்தது. அன்ரி அதை எடுத்து, என் கையில் சரியாகத் தந்தார். அது என்னிடம்தான் நின்றது. தொலைபேசியில் நீங்கள் சொன்னதற்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. இதனால் இப்போது எதுவும் மாறாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள். பேஸ்மென்ற் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பழியை நீங்கள் சுமக்கக் கூடாது.

போன வாரம் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். வீட்டில் நான் மட்டும்தான். ஓடிப்போய்த் திறந்தேன். தபாற்காரர். கூரையிலிருந்து பனி சொட்டியதால் கதவுக்கு நேரே நில்லாமல் ஒருபக்கமாகத் தள்ளி நின்றார். சவூதி முத்திரை ஒட்டிய சிறிய பொதி. அன்ரி விழுவதற்கு நாலு நாள் முன்பு அங்கிள் அனுப்பிய கசெற். பொதியிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, இது நீயா என்று கேட்டார். இல்லை, அவருக்காக நான் வாங்கலாமா என்றேன். தாளை நீட்டினார். கையெழுத்திட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கசெற்றை நாங்கள் போட்டுக் கேட்கவில்லை. அரிசி அலுமாரிக்குள், பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்த மலரோடு அது அங்கிளிடம் திரும்பிப் போகும்.

முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படையல் முடிந்ததும் அம்மா சாம்பிராணி கொண்டு வருவார். அந்த ஊர் முறைப்படி அத்தோடு எழும்ப வேண்டும். எழும்பாதீர்கள். அம்மா இரண்டாம் தரமும் கொண்டு வருவார், மூன்றாம் தரமும் கொண்டு வருவார். அன்ரி அன்றைக்குத் தெரியாமல் இருந்ததுபோல, நாங்கள் தெரிந்துகொண்டு கொஞ்ச நேரம் இருப்போம். ஐந்து வருடமாக அவர் விரித்து வைத்த விரிப்பில் வந்து இருக்க என்னைத் தவிர ஆள் இல்லாமல்தான் போனது.

கதவு பூட்டவில்லை, அன்ரி. போயிட்டு வாங்கோ.